மோந்து சொல்லு

ஜனவரி 6, செவ்வாய்

இன்றைக்கு வாய் தவறிப் பேசிவிட்டேன். சார் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை நான் பேசியது மொத்தம் ஐம்பது வார்த்தை இருக்குமா? பெருக்குவதற்கும் துடைப்பதற்கும் தலையாட்டினால் போதும். அதனால்தான் தினமும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாடி அறையில் இளஞ்செழியன் சார் இரண்டு கிளாஸில் இரண்டு விஸ்கி ஊற்றி வைத்துவிட்டுப் போன் பேசப் போனார். மேசையைத் துடைக்கும்போது நான் இரண்டையும் நகர்த்திவிட்டேன். வந்து பார்த்தவர், "எது எதுன்னு தெரியலியே" என்று நின்றார். அவர் மனைவி ஜெயசுதா டீச்சர், "மோந்து பாருங்களேன்" என்றார். உடனே சொல்லக் கூடாததைச் சொன்ன மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது. திட்டு விழப்போகிறது என்ற பயத்தில் துடைப்பத்தைப் பார்த்தபடியே சொன்னேன்: "ஜன்னல் பக்கம் இருக்கறது போன வாரம் நான் கழுவுன கிளாஸ்ல இருந்ததுங்க. இந்தாண்ட இருக்கறது புதுசு."

சார் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். கிளாஸ்களை மாற்றி மாற்றி வைத்து மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சரி. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர்தான் சொன்னார். "காய்ச்சல் வந்ததுல இவருக்கு மூக்கு போயிடுச்சி பிரின்சி. நாலு வருஷம் ஆவுது. மல்லியும் தெரியாது, மாட்டுச் சாணியும் தெரியாது. வெளிய சொல்லிடாத."

சார் முப்பது வருஷம் கப்பல்களில் மதுக்கூடம் பார்த்தவர். இப்போது பழைய விஸ்கிகளைக் குடித்துப் பார்த்து, இன்னின்ன வாசம், நூற்றுக்கு இவ்வளவு என்று இன்டர்நெட்டில் எழுதுகிறார். எங்கெங்கோ இருப்பவர்கள் படிக்கிறார்களாம். மூக்கே இல்லாமல் நாலு வருஷம் எதை எழுதினார்? கேட்கவில்லை. நான் கேட்பேனா?

"எங்க கத்துக்கின இத?" என்றார். குனிந்துகொண்டேன்.

ஜனவரி 7, புதன்

எங்கே கற்றுக்கொள்வது? எங்கள் வீட்டில்தான்.

ஆறு வயதிலிருந்து அது என் வேலை. அப்பா சாயங்காலம் வந்து கட்டிலில் விழுவார். அம்மா கிட்டே போனால் எட்டி உதைப்பார், என்னை உதைக்க மாட்டார். அதனால் அம்மா என் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்து, காதில், "மோந்து சொல்லு" என்பாள். குனிந்து கொடுக்கும்போது மூச்சு என் முகத்தில் படும்.

பதில் மூன்றுதான். கடைச் சரக்கு என்றால் அம்மா முணுமுணுத்துவிட்டுச் சோறு போடுவாள். மலைச் சரக்கு — கல்வராயன் மலையிலிருந்து கேனில் இறங்குகிற வெல்லச் சாராயம் — என்றால் திட்டு. பாக்கெட்டு என்றால் வீடு ரெண்டுபடும். அம்மாவின் அண்ணன் பாக்கெட் சாராயத்தில் செத்தவர். அம்மா சட்டிப் பானையைத் தெருவில் வீசுவாள். அப்பா அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து அடிப்பார். எழுந்து பார்க்காத வீடே தெருவில் இருக்காது.

வாசம் பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்தப் பதிலுக்கு அடி விழாது என்பது அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் எஸ்தர் அத்தை வாசலில். மணலூர்பேட்டையிலிருந்து மாதம் ஒரு தடவை தம்பியைப் பார்க்க வருவாள். வந்ததும் அப்பாவின் முகத்தைத் தடவி அழுவாள். பிறகு அம்மா பக்கம் திரும்புவாள்.

"இன்னா இஞ்ஞாசி, எந்தம்பிய இப்புடிக் குச்சியாக்கி வெச்சிருக்க? கண்ணத்தான் வாங்கின, உசுரையும் வாங்கிக்கினு வுடலாம்னு இருக்கியா?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி வண்டி தெருமுனைல வந்து நின்னிச்சி. மைக்குல கூப்புட்டான். பாக்கெட்டு குட்சவன்லாம் ஏறு ஏறுன்னான். ஏறுனவன்லாம் இன்னிக்கி எழுந்து நடமாடறான். நீ அனுப்புனியா? கதவச் சாத்திக்கினு இருந்தியாமே!"

கட்டிலிலிருந்து அப்பா எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "இவதான்கா எங்கண்ணப் புடுங்கினவ."

ஈஸ்டர் முடிந்ததும் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாளாம். புருஷனைக் குருடாக்கியவள் என்று அம்மா மட்டும் இங்கே இருக்க வேண்டும். தெருவில் ஏற்கெனவே அப்படித்தான் பேச்சு. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்கிறது.

ஏன் அனுப்பவில்லை என்று அம்மா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெங்காயம் உரித்து முடித்து, தோலை வாரிக் கொட்டப் போனாள்.

அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியாமல் இருக்காது. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

துடைத்து முடித்ததும் சார் கூப்பிட்டார். "எனக்குக் கொஞ்சம் ஒத்தாச பண்றியா?" டீச்சர் முன்னால் வந்து நின்று, "மூக்கு மட்டும்தான். ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் நா சும்மா இருக்க மாட்டேன், உங்களத்தான் சொல்றேன்" என்றார்.

வயிறு பெருத்து வாய் குறுகிய கிளாஸ். அடியில் இரண்டு விரல்கடைக்கும் கம்மியாக விஸ்கி. மேலே ஒரு சின்னத் தட்டை மூடிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். தட்டை எடுத்ததும் மூக்கை உள்ளே நுழைக்கக் கூடாது, எரிச்சல்தான் தெரியும். வாயைக் கொஞ்சம் திறந்தபடி ஓரமாகப் பிடித்தால் வாசம் ஒவ்வொன்றாக வருகிறது. பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர். அப்போது அது வேறு ஆளாகிவிடுகிறது.

நான் சொல்வதை அவர் எழுதிக்கொள்கிறார். பிறகு ஒரு மடக்கு குடிக்கிறார். "இனிக்குது. எரியுது. கடசில கசக்குது. என் நாக்குக்கு இவ்ளோதான் தெரியும். மீதி ஒன்னோடது" என்றார்.

ஒருவர் நான் சொல்வதை எழுதிக்கொள்வது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில்கூட நான்தான் எழுதிக்கொள்வேன். பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சைவரை.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று வந்தது வேறு.

ஸ்காட்லாந்தில் இருக்கும் சாரின் கப்பல் நண்பர் ஜோஸ்வா, மருந்துக் குப்பி அளவு பாட்டிலில் கொஞ்சம் அனுப்பியிருக்கிறார். பெயர் க்ளென் ஆர்டல். பதினெட்டு வருஷம் மரப்பீப்பாயில் கிடந்ததாம். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பட்டறையில், பார்லியை மட்டும் வைத்து வடிப்பது, வேறு எதையும் கலப்பதில்லை. இதை வடிப்பதைக் கம்பெனி நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. இனி உலகத்தில் மிச்சம் இருக்கிற பாட்டில்கள்தான், தீர்ந்தால் தீர்ந்தது.

சாருக்குப் பெயர் வந்ததே இதனால்தானாம். அது கடையில் விற்ற காலத்தில் இவர் தொண்ணூற்று நாலு மார்க் போட்டு எழுதினார். வேறு யாரும் கண்டுகொள்ளாத சரக்கு. இவர் எழுதிய பிறகுதான் தேட ஆரம்பித்தார்களாம். அப்போது வாங்கிய ஒரு பாட்டிலைச் சீல் உடைக்காமல் மாடி பீரோவில் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் அறுபது வயது. அன்றைக்கு அதைத் திறந்து கடைசியாக ஒரு தடவை எழுதப்போகிறார். ஜோஸ்வா அனுப்பியது ஒப்பிட்டுப் பார்க்க.

தட்டை எடுத்தேன். சாராய வாசமே முதலில் வரவில்லை. கோயிலில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் ஒரு இழை புகை எழுமே, அது. அதற்குப் பின்னால் கமலா ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளின வாசம். கொஞ்சம் பொறுத்தால் புதுக் கோரைப்பாய். தண்ணீர் விட்டதும் மலைத்தேன், அடையோடு பிழிந்தது, கசப்பும் சேர்ந்த தேன். எல்லாவற்றுக்கும் அடியில் சுட்ட பலாக்கொட்டை.

"கோரைப்பாய இங்கிலீசுல நா எப்புடி எழுதறது?" என்று சார் சிரித்தார். பிறகு பழைய நோட்டை எடுத்து, அன்று எழுதியதைப் படித்தார். மெழுகு, ஆரஞ்சுத் தோல், காய்ந்த புல், தேன். பலாக்கொட்டை மட்டும்தான் அதில் இல்லை. என்னைவிட முந்தி அதே இடத்தில் ஒரு மூக்கு போய் வந்திருக்கிறது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 21, புதன்

நேற்று ஊற்றிய கிளாஸைக் கழுவாமல் வைத்திருந்தார்கள். காய்ந்துபோன கிளாஸில்தான் நிஜம் தெரியுமாம். மட்டமானது விடிந்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும். மோந்தேன். புதுப்பாய் இன்னும் இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தலையைத் தூக்கினார்.

"யாரு? பிரின்சியா? இங்க வா."

போனேன். என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கண் போனபிறகு அவர் ஒரு சொட்டும் குடித்ததில்லை, குடிக்க வாங்கித் தர ஆளில்லை. "இன்னா சரக்குடி இது?" என்று கேட்டார். கோபமாக இல்லை. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "இன்னா சரக்கு? சொல்லுமா."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். என் தாடையைப் பிடித்தாள். "வாயத் தொற." திறந்தேன். மூக்கை என் வாயருகே வைத்து இழுத்தாள். "ஊது. இன்னொருவாட்டி ஊது." நான் ஊதினேன். டீச்சர் கொடுத்த உப்புமா வாசம்தான் வந்திருக்கும். ஆனாலும் விடவில்லை.

"கிளாஸ் கழுவறேம்மா. அந்த வாசம்."

"சத்தியமா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் துப்பட்டாவை அப்பா கையிலிருந்து உருவிக்கொண்டேன். அம்மாவும் அதைக் கேட்டதற்காகவே சட்டென்று கையை எடுத்தாள். இருவரும் ஒரே நாளை நினைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

பங்குச் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. சிமெண்டுத் தரையில் முட்டிபோட்டபடி, எல்லோரும் போனபிறகும். இரண்டு வருஷமாக இப்படித்தான். அவள் என்ன பாவம் செய்தாள்?

பிப்ரவரி 24, செவ்வாய்

சாருக்கு அறுபது. பாட்டிலைத் திறந்தார்கள்.

தக்கை திருகியதும் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. டீச்சர் டீ வடிகட்டியில் துணி போட்டு வடித்தார். "பழசுன்னா அப்புடித்தான்" என்றார் சார். புதுச்சட்டை. ஜோஸ்வாவுக்குக் காட்ட டீச்சர் செல்லில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கிளாஸ், தட்டு, காத்திருப்பு. தட்டை எடுத்தேன்.

மழையில் நனைந்த ரேஷன் கடைச் சாக்கு. மழைநீர் புகுந்த அட்டைப் பெட்டி. தண்ணீர் விட்ட பிறகும் சாக்குதான். ஆரஞ்சு இல்லை, பாய் இல்லை. தேன் இருந்த இடத்தில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். செத்துப்போயிருந்தது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை அது. சித்திரை வெயிலில் அந்த பீரோவைத் தொட்டால் கை சுடும். அத்தனை கோடை.

சார் பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

"மெழுகு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"ஆரஞ்சுத் தோலு?"

"இருக்குதுங்க."

"காஞ்ச புல்லு... ஒன்னோட கோரைப்பாயி?"

"இருக்குதுங்க."

அவர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "தொண்ணூத்து நாலு. அப்புடியே இருக்குது சுதா, அன்னைக்கிப் பாத்த மாதிரியே" என்றார். டீச்சர் எனக்கு லட்டு கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது லட்டை ஜன்னல் வழியே போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என்னை மிரட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்தப் பதிலுக்கு வீடு அமைதியாக இருக்குமோ அந்தப் பதில். இதனால் யாரும் சாகப்போவதில்லை, ஒரு கிழவர் சந்தோஷப்பட்டார், அவ்வளவுதானே என்று நேற்று முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் சொல்ல முடியாது.

அப்பாவின் கண் போன ஆனி மாதம், சாயங்காலம் நாலு மணி. பக்கத்துத் தெருவில் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாந்தி, வயிற்றுவலி. பாக்கெட் சாராயம் என்று பேச்சு. அப்பா கட்டிலில் சுருண்டிருந்தார். தலை வலிக்கிறது என்றார். அம்மா, "பாக்கெட்டா குட்சீங்க?" என்று கேட்டாள். "கடைலதான்டி குட்சேன். கோட்டருதான்" என்றார். அம்மா நம்பவில்லை. சொம்பைக் கொடுத்தாள். "மோந்து சொல்லு."

குனிந்தேன். பாக்கெட்டு. அதுவும் எப்போதும் அடிக்கிற பாக்கெட் வாசம் இல்லை. ஊறல் புளிப்பே இல்லை. ஊசி போடும் முன் நர்ஸ் தடவுகிற பஞ்சு மாதிரி, லேசாக, கொஞ்சம் இனிப்பாக. எனக்குத் தெரிந்தது. வேறு என்று தெரிந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். சொல்லாதே என்று.

மைக் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. அம்மா மறுபடி கேட்டாள். "நல்லா மோந்து சொல்லு பிரின்சி. இன்னாது?"

கடைச் சரக்கும்மா.

"சத்தியமா?"

சத்தியமா.

அடி விழக்கூடாது என்றுதான். சட்டிப் பானை தெருவுக்குப் போகக்கூடாது என்றுதான். மறுநாள் எனக்கு அறிவியல் டெஸ்ட் இருந்தது. வேற ஒண்ணும் இல்ல சாமி, வேற ஒண்ணுமே நெனைக்கல. அம்மா கதவைச் சாத்தினாள். வண்டி போய்விட்டது. விடிந்ததும் அப்பா எழுந்து, "ஏன் இன்னும் இருட்டா இருக்குது?" என்று கேட்டார்.

எனக்கு வாசம் பிடிபடாமல் தவறிவிட்டது என்றே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். பொய் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது. குழந்தை மேல் பழி வரக்கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மூக்கு தவறவில்லை. ஒருநாளும் தவறியதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

வாளியைக்கூட எடுக்காமல் நேராக மாடிக்குப் போனேன். சார் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அது செத்துப்போச்சிங்க."

"எது?"

"செவ்வாக்கெழம தொறந்தது. மெழுகு இல்லீங்க. ஆரஞ்சு இல்லீங்க. ஈரச் சாக்கு வாசம். நா பொய் சொன்னேன்."

நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. பேனாவை மூடினார். ஜோஸ்வா அனுப்பியதில் மிச்சம் இருந்ததையும் பாட்டிலில் இருந்ததையும் இரண்டு கிளாஸில் ஊற்றினார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி மாற்றி மாற்றி வைத்தார். ஐந்து தடவை. ஐந்து தடவையும் சொன்னேன், இது உயிரோட இருக்கறது, இது செத்தது.

"அப்ப ஏம்மா அன்னைக்கி அப்புடிச் சொன்ன?"

"எங்கூட்டுப் பழக்கம்ங்க."

புரியாமல் பார்த்தார். பிறகு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனார். அவசரமே இல்லாமல், மெல்லிய தாரையாகக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார். அந்த வீடு முழுக்க ஈரச் சாக்கு வாசம் பரவியது. அதை மோந்தவள் நான் ஒருத்திதான்.

"எவ்ளோ போடுவ?" என்று கேட்டார், முதுகைத் திருப்பாமல்.

"முப்பதுங்க."

"நா முப்பத்தி ரெண்டு போடறேன். எனக்கு இனிப்பு தெரிஞ்சிச்சி."

மார்ச் 3, செவ்வாய்

சார் எழுதிவிட்டார். வெயிலில் வைத்துத் தானே கொன்றுவிட்டதாகவும், நாலு வருஷமாகத் தனக்கு மூக்கு இல்லை என்பதையும். திட்டித்தான் நிறைய வந்திருக்கிறதாம். ஏமாற்றுக்காரன் என்று ஒருவர் எழுதியதை டீச்சர் படித்துக் காட்டினார், குரல் உடைந்தது. மாடி அறையைப் பூட்டியாகிவிட்டது. இனி அங்கே பெருக்க வேண்டியதில்லை.

சார் என்னிடம் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

எஸ்தர் அத்தை ஈஸ்டர்வரை பொறுக்கவில்லை. ஆட்டோவோடு வந்துவிட்டாள். அப்பாவின் வேட்டி சட்டையைப் பையில் திணித்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"நல்லா இருந்த மனுஷன. பாவி. வண்டி வாசல்ல நின்னும் அனுப்பாதவ. நீ நாக்கு தள்ளித்தான்டி சாவ."

அம்மா அப்பாவின் செருப்பைத் துடைத்து, போட்டுக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "அத்த, நாந்தான்."

"இன்னாடி நீதான்?"

"அம்மா என்னத்தான் மோந்து பாக்கச் சொன்னிச்சி. நா கடச்சரக்குன்னு சொன்னேன். பாக்கெட்டுன்னு தெரியும். தெரிஞ்சே சொன்னேன். அதான் அம்மா அனுப்பல."

அத்தை அப்பா பக்கம் திரும்பிக் கையைத் தட்டிச் சிரித்தாள். "கேட்டுக்கடா சேவியரு! ஆத்தாக்காரி நல்லா ஓதி வுட்டிருக்கா. வாயே தொறக்காத ஊமச்சி, இன்னிக்கிப் பேசுது பாரு. இன்னா வெவரமா கோத்துக் குடுத்திருக்கா!"

நான் சொன்னதை யாரும் நம்பாமல் போவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆட்டோக்காரர்கூட வேறு பக்கம் பார்த்தார்.

அப்பா எழுந்து நின்றிருந்தார். ஒரு கை கட்டில் சட்டத்தில்.

"இன்னா வாசம்?" என்றார்.

"இன்னாப்பா?"

"அன்னைக்கி. எம்மேல இன்னா வாசம் அடிச்சிச்சி?"

சொன்னேன். புளிப்பு இல்லாததை, பஞ்சை, இனிப்பை. என் மணிக்கட்டை அவர் பிடித்ததையும் சொன்னேன். எந்தக் கை என்பதையும்.

அப்பா மெல்ல உட்கார்ந்தார். "புளிப்பே இல்லதான். தண்ணி மாதிரி எறங்குச்சி" என்றார். பிறகு, "நீ கெளம்புக்கா. நா வரல."

அத்தை என்னென்னவோ கத்தினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். பொய் சொன்னாயா என்று கேட்கவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

மார்ச் 9, திங்கள்

அம்மா பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பேசவில்லை. சோறு போட்டு என் பக்கம் தள்ளுகிறாள், முகம் பார்ப்பதில்லை. இரண்டு வருஷம் அவள் முட்டி தேய்ந்ததற்கு நான் என்ன சொல்ல முடியும்?

மார்ச் 12, வியாழன்

காலையில் அப்பா மூத்திரத்துக்குப் போகத் தடவிக்கொண்டு எழுந்தார். வாசல் படி தடுக்கி விழுந்தார். முழங்கையில் ரத்தம். தூக்க ஓடினேன். என் கை பட்டதும் யார் என்று தெரிந்துகொண்டார். தள்ளிவிட்டார்.

"தொடாதடி. நீதான் எங்கண்ணப் புடுங்கினவ. பெத்த பொண்ணாடி நீ? வாயில ஒரு வார்த்த நெசம் வந்திருந்தா இன்னிக்கி நா இப்புடி விழுவனா? நாயே."

முதல் தடவையாக அது எனக்கு வந்தது. இது வேண்டும் என்றுதான் சொன்னேன். அம்மாவிடமிருந்து எடுத்து என் மேல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான். வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் நிறுத்தவில்லை. குழாய்க்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். அவள் அப்பாவை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. உதை வாங்கும்போதுகூட நீங்கதான்.

"நிறுத்து" என்றாள். "குட்சது நீ."

அப்பா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"குட்சது நீ. கடைலதான்னு சொன்னது நீ. கொழந்த கையப் புட்சி அழுத்துனது நீ. அவளுக்கு அப்ப பதினஞ்சு வயசு."

கத்தவில்லை. குழாயடிக்காரர்களுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள். அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. அம்மா அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். முழங்கையைத் துடைத்தாள், மஞ்சள் வைத்தாள்.

பிறகு என்னைப் பார்க்காமலே, "பஸ்ஸுக்கு நேரமாவல?" என்றாள்.

எட்டேகால் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் போனேன்.